கடைசிக்கு முந்தின ஆள்

அப்பாவின் பெயரை ஒரு புதுக் கப்பலுக்கு வைக்கப் போகிறார்கள் என்று கடற்படை அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "பேரைத் தப்பில்லாம எழுதுவீங்களா?" என்பதுதான். எதிர்முனையில் இருந்த இளம் அதிகாரிக்குச் சிரிப்பதா மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முப்பத்து நான்கு வருடம் அரசு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவளுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தால் இதுதான் கிடைக்கும்.

மறுநாள் அவரே ஒரு கோப்போடு வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். விழாவில் நான் மேடையேறி அந்த அரைப்பக்கத்தை வாசிக்க வேண்டும், பிறகு கயிற்றை இழுக்க வேண்டும், கப்பலின் பெயரை மூடியிருக்கும் துணி விழும். அவ்வளவுதான் என் வேலை. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு படித்தேன். பழக்கதோஷம். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது. 'மூழ்கிய கப்பலிலிருந்து கடைசி மனிதராக வெளியேறிய மாவீரர்' என்று இருந்தது.

"இது தப்பு" என்றேன்.

"எழுத்துப் பிழையா மேடம்?"

"எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. விஷயம் தப்பு. எங்கப்பா கடைசியா வெளியேறலை. அவர் இறங்கினதுக்கு அப்புறமும் ஒருத்தர் உள்ள இருந்தார்."

அவர் முகத்தில் பக்தி பரவியது. "தெரியும் மேடம். சார் அப்படித்தான் கடைசிவரைக்கும் சொல்லிட்டிருந்தாராம். எங்க பயிற்சிப் பள்ளியில அதைப் பாடமாவே வெச்சிருக்காங்க. தலைப்பு 'பெருந்தன்மை'."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு தேடி வந்த மனிதரிடம் கத்தக் கூடாதே என்று தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் சமையலறைக்குள் போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தேன்.

இந்தப் பெருந்தன்மை என்ற வார்த்தையோடு எங்கள் வீட்டுக்கு அறுபது வருடச் சண்டை. அது ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போர் நடந்தபோது எனக்கு நான்கு வயது. அப்பா ஒரு சிறிய கப்பலின் கமாண்டர். கரியில் ஓடும் பழைய கப்பல். அதைப் போருக்கு அனுப்பியதே ஆள் பற்றாக்குறை மாதிரி கப்பல் பற்றாக்குறையால்தான். முற்றுகையில் இருந்த ஒரு துறைமுகத்திலிருந்து காயம்பட்ட நூற்றுப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அப்பா திரும்பிக்கொண்டிருந்தார். காலை ஒன்பது மணிக்கு எதிரியின் குண்டு கப்பலின் முன்பக்கத்தைப் பிளந்தது. காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகக் கட்டி இறக்கிப் படகிலும் மிதவையிலும் ஏற்ற ஐம்பது நிமிடம் ஆனது. அந்தக் கப்பல் பத்து நிமிடம் தாங்கினாலே அதிகம்.

அது எப்படி ஐம்பது நிமிடம் தாங்கியது? உள்ளே வந்த தண்ணீரைப் பம்ப் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கொதிகலனில் நெருப்பு இருந்தால்தான் பம்ப் ஓடும். யாராவது நின்று கரி அள்ளிப் போட்டால்தான் நெருப்பு இருக்கும். கொதிகலன் அறையில் குண்டுக்குப் பிறகு எழுந்து நிற்கும் நிலையில் இருந்தவர் ஒருவர்தான். கப்பலில் அவருக்குக் கரியண்ணன் என்று பெயர். மேல்தளத்துக்காரர்கள் கேலியாக வைத்த பெயர் அது, பிறகு மரியாதையாகிவிட்டது. மேல்தளத்து அதிகாரிகள் கீழே எட்டிப் பார்ப்பதே கௌரவக் குறைச்சல் என்று நினைத்த அந்த நாளில், அப்பா தினமும் ஒருமுறை கொதிகலன் அறைக்கு இறங்கிப் போய் அவரோடு பேசிவிட்டு, சட்டையெல்லாம் கரியோடு ஏறி வருவாராம்.

கடைசி இரண்டு படகுகளிலும் ஆட்களை ஏற்றிய பிறகு, கீழே பேசும் குழாயில் வாயை வைத்து அப்பா கத்தினார்: "போதும், மேல வா!"

"வந்துட்டேன் சார்" என்று பதில் வந்தது. "பின்பக்க ஏணியில ஏறி வர்றேன். அந்தப் பக்கத்துப் படகுல ஏறிக்கிறேன். நீங்க இறங்குங்க."

அப்பா இறங்கினார். நல்ல தூரம் போனதும் இரண்டு படகுகளும் பக்கத்தில் வந்தன. அப்பா தலைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. திரும்பிப் பார்த்தார். சாய்ந்துகொண்டிருந்த கப்பலின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. பம்ப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. படகைத் திருப்பச் சொல்லி எழுந்து நின்று கத்தினார். திருப்பி முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது.

நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது பக்கத்து அறையிலிருந்து "வந்துட்டேன்பா" என்று குரல் கொடுத்தால் அப்பா நம்ப மாட்டார். எழுந்து வந்து முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவார். என்ன மனிதர் இவர், பெற்ற பிள்ளைகளையே சந்தேகப்படுகிறார் என்று நான் கோபப்பட்டிருக்கிறேன்.

இனி ஒரு படிவத்தின் கதைக்கு வருகிறேன். கப்பல் மூழ்கினால் நிரப்பித் தர வேண்டிய அச்சடித்த படிவம் ஒன்று உண்டு. அதில் ஒரு வரி: 'கடைசியாக வெளியேறியவர்: கமாண்டர்', அதற்குப் பிறகு புள்ளிகள். கமாண்டர் என்ற வார்த்தையையும் சேர்த்தே அச்சடித்துவிட்டார்கள். கமாண்டர்தானே கடைசியாக இறங்குவார், வேறு யார் இறங்கப் போகிறார்கள் என்று ஒரு புத்திசாலி நினைத்திருக்கிறார். அப்பா அந்த வார்த்தையை அடித்துவிட்டு, கரியண்ணனின் முழுப் பெயரையும் அவருடைய எண்ணையும் எழுதி, 'வெளியேறவில்லை' என்று சேர்த்து அனுப்பினார். தலைமையகத்தில் ஒரு எழுத்தர் அதைப் பார்த்தார். அடித்தல் திருத்தல் உள்ள படிவம் கோப்பில் போகக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் புதுப் படிவம் எடுத்து, அழகாக அப்பாவின் பெயரைத் தட்டச்சு செய்து, பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டார். அப்பா இடது தோள் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவருக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திட்டார்.

இதில் அப்பாவுக்குப் பதக்கம் வந்தது. அது போகட்டும். கரியண்ணனுக்கு என்ன வந்தது தெரியுமா? கமாண்டர்தான் கடைசி என்றால் அவருக்கு முன்பே எல்லோரும் இறங்கியாக வேண்டும். படகில் இல்லாத ஒருவர் அப்படியானால் உத்தரவில்லாமல் முன்பே குதித்து ஓடியிருக்க வேண்டும். படிவத்தின் கணக்கு அப்படி. 'உத்தரவின்றிக் கப்பலை விட்டவர்' என்று எழுதிவிட்டார்கள். இறந்தவர்களின் பெயர் பொறித்த சுவரில் அவர் பெயர் இல்லை. அவர் மனைவியை அவர்கள் தெருவே ஓடிப்போனவன் பெண்டாட்டி என்றுதான் கூப்பிட்டது.

அப்பா வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதே தேதியில், தலைமையகத்துக்கு ஒன்று, கரியண்ணன் மனைவிக்கு அதன் நகல். சாகும்வரை முப்பத்தொரு கடிதம். எல்லாவற்றிலும் ஒரு வரி மாறாமல் இருக்கும்: 'அவர் என்னிடம் பொய் சொல்லிவிட்டார் என்பது மட்டுமே அவர் மீது எனக்குள்ள புகார்.' ஒவ்வொரு முறையும் தலைமையகம் அவருடைய பெருந்தன்மையை மெச்சிப் பதில் எழுதியது. எழுத எழுத அவர்மேல் மரியாதை கூடியது, நம்பிக்கை குறைந்தது. படகில் இருந்தவர்களைக் கேட்டால், ஆமாம் தண்ணீர் கொட்டியது, ஓட்டையிலிருந்து கொட்டியிருக்கும் என்றார்கள். மேல்தளத்துக்காரர்கள்! மூழ்குகிற கப்பலின் ஓட்டையில் தண்ணீர் உள்ளே போகுமா, வெளியே வருமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கோப்போடு வந்த அதிகாரியிடம் இதையெல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டார். கடைசியில், "ஆதாரம் ஏதாவது இருக்கா மேடம்?" என்றார். இல்லை. அந்த வரியை வாசிக்க மாட்டேன் என்றேன். ஒத்திகைக்கு வாருங்கள், பெரிய அதிகாரியிடம் பேசிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே கரியண்ணனின் மகளைக் கூப்பிட்டேன். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். என்னைவிட மூன்று வயது சின்னவள், அவ்வப்போது பேசிக்கொள்வோம். விழாவுக்கு வா என்றேன்.

"எதுக்குக்கா? கூட்டத்துல யாராவது நீ யார் மகள்னு கேட்டா என்ன சொல்றது?"

"உங்கப்பா பேரச் சொல்லு."

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்கப்பா ரொம்ப நல்ல மனுஷர். அம்மா அந்தக் கடுதாசியெல்லாம் பத்திரமாத்தான் வெச்சிருந்தாங்க. ஆனா பெரிய மனசுக்காரர், நம்ம ஆறுதலுக்காக எழுதறார்னுதான் சாகறவரைக்கும் சொன்னாங்க. எங்கப்பா ஓடிப்போய்ட்டார்க்கா. எனக்குப் பழகிப்போச்சு. விடுங்க."

போனை வைத்துவிட்டு அப்பாவின் மேஜையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடிதங்களை ஒருவர்கூட, யாருக்காக எழுதினாரோ அந்த வீட்டில்கூட, நம்பவில்லை. அப்பா நல்லவராக இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் வினையாகிவிட்டது.

விழாவுக்கு முதல்நாள் ஒத்திகை. கப்பல் கட்டும் தளத்தில் புதுக் கப்பல் சாம்பல் நிறத்தில் நின்றது. அண்ணாந்து பார்க்கும்போது கழுத்து வலித்தது. பெயர் எழுதிய இடத்தைத் துணி மூடியிருந்தது. பக்கத்துக் கூடத்தில் அப்பாவைப் பற்றிய கண்காட்சி. உள்ளே நுழைந்ததும் சுவரில் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்து நின்றுவிட்டேன்.

அந்தப் படம் எனக்குத் தெரியும். உதவிக்கு வந்த கப்பலிலிருந்து யாரோ எடுத்தது. அப்பா படகில் நின்றுகொண்டு கையை உயர்த்தியிருப்பார். 'தன் கப்பலுக்கு இறுதி வணக்கம்' என்று பத்திரிகையில் போட்டார்கள். பயிற்சிப் பள்ளி வாசலில் அதே கோலத்தில் சிலையே இருக்கிறது. அப்பா அதை வீட்டில் மாட்டவே விட்டதில்லை. "வணக்கமாவது ஒண்ணாவது, படகைத் திருப்புங்கடான்னு கத்திட்டிருக்கேன்" என்பார்.

ஆனால் பத்திரிகையில் வந்தது படத்தில் கால்பாகம்தான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. முழுப்படமும் பத்தடி நீளத்துக்கு என் முன்னால் இருந்தது. இடதுபக்கம் படகில் அப்பா. வலதுபக்கம், நல்ல தூரத்தில், மூக்கைக் கடலுக்குள் விட்டுச் சாய்ந்து நிற்கும் கப்பல். அதன் பக்கவாட்டிலிருந்து கடல்வரை வளைந்து விழும் ஒரு வெள்ளைக் கோடு. அப்பாவின் கை நேராக அந்தக் கோட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

படம் பெரிதாக்கித் தந்த ஸ்டுடியோக்காரர் பக்கத்தில் வந்தார். "அதைப் பார்க்காதீங்கம்மா. பழைய நெகட்டிவ், கீறல் விழுந்திருக்கு. மாட்டப்போறது இது இல்ல. இன்னொண்ணு போட்டுக் கீறலைச் சுத்தமா எடுத்துட்டேன்" என்று பெருமையாக ஒரு சுருளை விரித்துக் காட்டினார். கோடு இல்லாத கடல், கோடு இல்லாத கப்பல், வணக்கம் சொல்லும் அப்பா. அடித்தல் திருத்தல் இல்லாத சுத்தப் பிரதி.

பிழை எடுத்தே பிழைத்தவள் நான். வாழ்க்கையில் முதல்முறையாக, "அதைத் தொடாதீங்க!" என்று கத்தினேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கோப்பு அதிகாரி ஓடி வந்தார். பின்னாலேயே பெரிய அதிகாரி வந்தார். நான் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கீறல்னு சொல்றாங்க. ஓட்டையாகூட இருக்கலாம். இதை வெச்சு எப்படிங்க..." என்று இழுத்தார்.

"நீங்க மேல்தளத்துக்காரர்தானே?" என்றேன்.

"ஆமா."

"கீழ்தளத்துக்காரர் யாரையாவது கூப்பிடுங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. லேசாகச் சிரித்துவிட்டு ஆள் அனுப்பினார். புதுக் கப்பலின் இன்ஜின் அறைக்குப் பொறுப்பான இன்ஜினியர், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. படத்தை மட்டும் காட்டி, இது என்ன என்று கேட்டேன்.

ஒரே ஒரு பார்வைதான். "பம்ப் தண்ணி" என்றார்.

"கீறல் இல்லையா?" என்றார் பெரிய அதிகாரி.

"கீறல் விழுந்தா கடல்ல நுரை வருமா சார்? இங்க பாருங்க, விழற இடத்துல நுரை." ஸ்டுடியோக்காரரின் பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தார். "ஓட்டையில இருந்து இப்படித் தண்ணி வராது. இது அடிக்குது, நல்ல வேகத்துல அடிக்குது. இது கரிக் கப்பலா?"

"ஆமா."

"அப்போ உள்ள ஆள் இருக்கு சார். இவ்வளவு சாஞ்ச கப்பல்ல கரி அள்ளிப் போடலைன்னா ரெண்டு மூணு நிமிஷத்துல வேகம் செத்துடும். இந்தப் படகு இவ்வளவு தூரம் வர பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும்." நிமிர்ந்தார். "உள்ள நிக்கறாரு சார், யாரோ. இந்த நிமிஷம் நிக்கறாரு."

அவர் அறுபது வருடம் முந்தைய படத்தைப் பார்த்து 'நிற்கிறார்' என்று சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கைப்பையிலிருந்து அப்பாவின் கடைசிக் கடிதத்தை எடுத்துப் பெரிய அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார். படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். அப்பாவின் கை காட்டும் திசையில் தன் விரலை மெதுவாக நகர்த்தி, வெள்ளைக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"பதிவேட்டை மாத்த விசாரணை வைக்கணும்" என்றார். "மூணு மாசம் ஆகும்."

"ஆகட்டும். ஆனா நாளைக்கு அந்த வரியை நான் வாசிக்க மாட்டேன். உண்மையான வரியைத்தான் சொல்லுவேன். வேண்டாம்னா வேற ஆளை வெச்சுக் கயிறு இழுத்துக்கங்க."

அவர் கடிதத்தை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு இன்ஜினியரைப் பார்த்து, "நீங்க இப்ப சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?" என்றார். இன்ஜினியர் அங்கேயே பேனா கேட்டார். பெரிய அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அந்த வரியை நீங்க சொல்ல வேண்டாங்க. நான் சொல்றேன். தப்புப் பண்ணினது நாங்க. நீங்க சொன்னா அதையும் பெருந்தன்மைன்னுடுவாங்க."

எனக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. இதை முப்பது வருடம் முன்பு ஒருவர் சொல்லியிருந்தால் அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார்.

அந்தக் கோட்டுப் படத்தின் சின்னப் பிரதி ஒன்றைச் சுருட்டிக்கொண்டு சாயங்காலம் கரியண்ணன் மகள் வீட்டுக்குப் போனேன். இரண்டு பேருந்து மாற வேண்டும். கதவைத் திறந்தவள், "என்னக்கா, சொல்லாம கொள்ளாம?" என்றாள். சாப்பாட்டு மேஜையில் படத்தை விரித்து நான்கு மூலையிலும் டம்ளர்களை வைத்தேன். விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. இன்ஜினியர் எழுதித் தந்த தாளின் நகலை மட்டும் பக்கத்தில் வைத்தேன்.

அவள் தாளைப் படிக்கவில்லை. படத்தைத்தான் பார்த்தாள். முப்பது வருடம் வண்டி ஓட்டியவள்.

"இது ஒழுகலக்கா" என்றாள். "மோட்டார் அடிக்குது."

"ஆமா."

"யார் ஓட்டறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது. ஆட்காட்டி விரலை அந்த வெள்ளைக் கோட்டின்மேல் வைத்தாள். எடுக்கவே இல்லை. "இதுதானா எங்கப்பா?" என்றாள். "எங்கம்மா இதைப் பார்க்காமப் போய்ட்டாளே." பிறகு வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்ததும் அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

மறுநாள் அவளை முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். சுவரில் கோடுள்ள படம்தான் மாட்டியிருந்தது. ஸ்டுடியோக்காரரே ஏணியில் ஏறி மாட்டினாராம். பெரிய அதிகாரி மேடையேறி, பூச்சில்லாமல் பேசினார். எங்கள் பதிவேடு அறுபது வருடமாகத் தவறாக இருக்கிறது, கமாண்டர் அதை முப்பத்தொரு முறை சொன்னார், நாங்கள் அவரைப் பாராட்டினோமே தவிர அவர் சொன்னதைக் கேட்கவில்லை என்றார். "அந்தக் கப்பலை விட்டுக் கடைசிவரை வெளியேறாதவர்" என்று சொல்லிவிட்டு, கரியண்ணனின் முழுப் பெயரையும் எண்ணையும் வாசித்தார்.

யாரும் சொல்லாமலே அவர் மகள் எழுந்து நின்றாள். வகுப்பில் பெயர் கூப்பிட்ட மாதிரி, நிமிர்ந்து. பின்வரிசையில் இன்ஜின் அறைக்காரர்கள் சடாரென்று விறைப்பாக நின்றார்கள். அதைப் பார்த்து மேல்தளத்துக்காரர்களும் நின்றார்கள்.

அதற்குப் பிறகுதான் அப்பாவின் பெயரை வாசித்தார்கள். நான் போய்க் கயிற்றை இழுத்தேன். துணி விழுந்தது. தப்பில்லாமல் எழுதியிருந்தார்கள், இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

கப்பல்கள் அப்பாவுக்குப் புதிதல்ல, பதக்கமும் புதிதல்ல. அதையெல்லாம் அவர் கேட்டதே இல்லை. முப்பத்தொரு வருடம் அவர் கேட்டது ஒரே ஒரு பதவிதான், அது அன்றைக்குத்தான் கிடைத்தது: கடைசிக்கு முந்தின ஆள்.